மேல்முறையீடு போட்டாயிற்று, பதில் இல்லை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வூதியம் மறுத்ததையோ சான்றிதழில் சதவீதத்தைக் குறைத்ததையோ எதிர்த்து மனு கொடுத்து மாதக்கணக்கு ஆகிறது. தாலுகா ஆபீசில் கேட்டால் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். கலெக்டர் ஆபீசில் கேட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரையே தேட வேண்டியிருக்கிறது. மூன்று இடத்திலும் ஒரே வார்த்தை: "மேலே போயிருக்கு, வரும்."

மேலே என்று ஓர் இடம் கிடையாது. உங்கள் மனு ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு பிரிவில், ஒருவருடைய மேசையில் இருக்கிறது. அது எந்த மேசை என்று கண்டுபிடிப்பதும், அங்கே எத்தனை நாளாக நிற்கிறது என்பதைக் காகிதத்தில் பதிவாக்குவதும்தான் காத்திருப்பவர் செய்யக்கூடிய வேலை. கோபப்படுவதால் கோப்பு நகராது. தேதி போட்ட காகிதம் சேரச் சேர நகரும்.

எந்தக் கதவில் நிற்கிறீர்கள்?

மாற்றுத்திறனாளி சான்றிதழும் அதில் போடும் குறைபாட்டுச் சதவீதமும் மருத்துவர்கள் வேலை. தருமபுரிக்கு அரசு தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரிக்கு அரசு கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிருஷ்ணகிரியில் இந்த மருத்துவமனை போலுப்பள்ளியில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் பழைய அரசு ஆஸ்பத்திரியில் இறங்கிவிட்டு அலையாதீர்கள். எந்த வளாகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கடிதத்தைப் பார்த்துப் புறப்படுங்கள்.

மாதம் 1,500 ரூபாய் வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வருவாய்த் துறையுடையது. 2023 ஜனவரியில்தான் அது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. இதற்குப் பொறுப்பு தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். 40 சதவீதம் வேண்டும்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அது கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக வருகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள், முதுகுத்தண்டுவடம் அடிபட்டவர்கள் போன்றவர்களுக்கு. இந்த 2,000-ஐ வாங்கிக்கொண்டே 1,500-க்கும் மனு போட்டால் மறுப்பு நிச்சயம். அப்படி மறுத்ததை எதிர்த்து மேல்முறையீடு செய்வது வீண் அலைச்சல்.

இந்த மூன்றில் எது உங்கள் பிரச்சினை என்று தெளிவாகாத வரை மேல்முறையீடு தவறான வாசலில் கிடக்கும். சதவீதம் 35 என்று போட்டதால் ஓய்வூதியம் போயிற்று என்றால் தாசில்தாரிடம் மன்றாடிப் பயனில்லை, அவர் சதவீதத்தைத் தொட முடியாது. சதவீதம் 60 இருந்தும் பணம் மறுக்கப்பட்டால் டாக்டரிடம் போய்ப் பயனில்லை.

ஓய்வூதிய மறுப்பை எதிர்த்த மேல்முறையீடு, தனி வட்டாட்சியருக்கு மேலே இருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போகும். தருமபுரி மாவட்டத்தில் இரண்டு கோட்டம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாக்காரர்கள் அரூர். தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் தாலுகாக்காரர்கள் தருமபுரி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி நான்கும் ஓசூர் சப் கலெக்டரிடம். கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி நான்கும் கிருஷ்ணகிரி கோட்டாட்சியரிடம்.

வாய்ச்சொல் மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு இல்லை

"உங்களுக்கு வராதும்மா" என்று கவுண்டரில் சொன்னதை வைத்து நிறையப் பேர் மேல்முறையீடு எழுதுகிறார்கள். மேலே இருப்பவர் முதலில் கேட்பது மறுப்பு ஆணையின் நகலை. அது இல்லையென்றால் மனு "உரிய நடவடிக்கைக்காக" என்று குறிப்பெழுதி அதே தாலுகா அலுவலகத்துக்கே திரும்பி வரும். தாமதமாகிறது என்று நினைத்துக் காத்திருக்கும் பல மனுக்கள் உண்மையில் இப்படிக் கீழே இறங்கி, புது மனுவாக மாறிக் கிடப்பவை.

ஆகவே முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: "என் மனு எண் இது, நாள் இது. இதன் மீதான ஆணையைக் காரணத்துடன் எழுத்து மூலம் தரவும்." இ-சேவை மையத்தில் பதிந்த மனுவாக இருந்தால், அங்கே கொடுத்த ஒப்புகை எண்ணை வைத்து நிலையைப் பார்த்து, மறுத்த காரணம் தெரியும் திரையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் மறுப்பு என்றால் மருத்துவமனை அதற்கென்று உள்ள படிவத்தில் காரணத்துடன் தர வேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளில் படிவம் 8 என்று இருப்பது அதுதான்.

ஆணை கைக்கு வந்த நாளை அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள், உறையைத் தூக்கி எறியாதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் அந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. கடைசி நாள் எது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் 30 நாளுக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. ஓர் ஆவணம் வரவில்லை என்பதற்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். "இந்த ஆவணம் பின்னர் தாக்கல் செய்யப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கொடுங்கள்.

ந.க. எண்ணைப் பிடியுங்கள்

அரசுக் கடிதத்தின் தலைப்பில் "ந.க.எண். 2145/2024/ஆ3" என்பதுபோல ஒன்று இருக்கும். உங்கள் கோப்பின் எண் அது. கடைசியில் இருக்கும் எழுத்தும் எண்ணும்தான் நமக்கு முக்கியம்: அந்தக் கோப்பு எந்தப் பிரிவில், எந்த எழுத்தரிடம் இருக்கிறது என்பதன் அடையாளம் அது. "என் மனு என்னாச்சு?" என்று கேட்டால் "வரும்" என்பார்கள். "ஆ3 சீட்ல 2145 கோப்பு, கடைசியா எந்தத் தேதியில யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டால் பதிவேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

மனுவை நேரில் கொடுத்தால் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாமல் மேசையில் வைத்துவிட்டு வந்த மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். தபாலில் அனுப்புவதென்றால் ஸ்பீட் போஸ்ட். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ரசீதில் இருக்கும் எண்ணை வைத்து, சேர்ந்த தேதியை இணையத்தில் பார்த்து உடனே அச்செடுங்கள். வெயிலில் அந்த ரசீதின் மை மங்கிவிடும், அதனால் வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு முறை போகும்போதும் தேதி, அலுவலகம், பேசியவரின் பதவி, சொன்ன பதில், அடுத்து வரச் சொன்ன நாள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பதவியும் பிரிவும் போதும். ஆறு மாதம் கழித்து வக்கீலிடமோ மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ போகும்போது இந்த நோட்டுதான் பேசும்.

ஒரு கோப்பு எங்கே நிற்கும் என்பதற்கு வழக்கமான இடங்கள் உண்டு. கோட்டாட்சியர் அலுவலகம் தாலுகாவிடம் அறிக்கை கேட்டிருக்கும், தாலுகா வருவாய் ஆய்வாளரிடம் கேட்டிருக்கும், அவர் வி.ஏ.ஓ.விடம் கேட்டிருப்பார், வி.ஏ.ஓ. இடமாற்றமாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவருக்கு அந்தக் காகிதம் இருப்பதே தெரியாது. ஆகவே கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி "ஆணை எப்போ?" அல்ல, "அறிக்கை கேட்டு தாலுகாவுக்கு எந்த எண்ணில், எந்தத் தேதியில் கடிதம் போனது?" அந்த எண்ணோடு தாலுகாவுக்குப் போங்கள்.

வி.ஏ.ஓ. வந்தபோது வீடு பூட்டியிருந்தால் "மனுதாரர் ஊரில் வசிக்கவில்லை" என்று எழுதப்படுவது நம் பக்கத்தில் சாதாரணம். கட்டட வேலைக்குக் குடும்பமே பெங்களூர் போயிருக்கும், நடக்க முடியாதவரையும் கூட்டிப்போயிருப்பார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது அப்படிப் போக நேர்ந்தால் வி.ஏ.ஓ.விடமும் கிராம உதவியாளரிடமும் செல்போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இன்னொரு சிக்கலும் இதோடு வரும்: பெங்களூரில் இருந்த காலத்தில் ஆதாரில் கர்நாடக முகவரி ஏறியிருக்கும். ரேஷன் கார்டு பென்னாகரம், ஆதார் பொம்மனஹள்ளி என்றிருந்தால் எந்த மேல்முறையீடும் நிற்காது. முதலில் ஆதார் முகவரியை மாற்றுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் பெயரே ஆவணத்துக்கு ஆவணம் மாறும்: ஒன்றில் கிருஷ்ணப்பா, ஒன்றில் கிருஷ்ணப்பன், ஒன்றில் முன்னெழுத்தே இல்லை. இதற்காகக் கோப்பு திரும்புவதற்குள் நீங்களே எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சதவீதத்தை எதிர்ப்பவர்களுக்கு

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். கணக்கு தெரியாமல் போட்ட மேல்முறையீட்டில் ஓராண்டு காத்திருந்துவிட்டு அதே சதவீதத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு.

ஒரு கண் முழுதாகப் போய், மற்றக் கண் நன்றாக இருந்தால் மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறைப்படி 30 சதவீதம்தான். டாக்டர் குறைத்துப் போடவில்லை, அட்டவணையே அப்படி. காதுக்கும் ஒரு கணக்கு உண்டு: நல்ல காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒரு காது முழுச் செவிடு, மற்றது சரி என்றால் நூறை ஆறால் வகுத்து 17 சதவீதத்துக்குள் வரும். இந்த இரண்டு நிலையில் இருப்பவர்கள் அதை மட்டும் வைத்து மேல்முறையீடு செய்ய வேண்டாம்.

ஆனால் ஒருவருக்கு இரண்டு வகைக் குறைபாடு இருந்தும் ஒன்றை மட்டும் பார்த்து சான்றிதழ் கொடுத்திருந்தால், அங்கே மேல்முறையீட்டுக்கு வலு உண்டு. சேர்க்கும் கணக்கு இது: பெரிய சதவீதத்தை எழுதுங்கள். 90-லிருந்து அதைக் கழியுங்கள். மீதியைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரியதோடு கூட்டுங்கள். கண் 30, கால் 15 என்றால்: 90-ல் 30 போனால் 60, 60-ஐ 15-ஆல் பெருக்கினால் 900, 90-ஆல் வகுத்தால் 10, மொத்தம் 40. சரியாக வாசற்படியில் நிற்கிறது. கால் 14 என்று போட்டிருந்தால் 40 தொடாது. இரண்டையும் நேராகக் கூட்டி 45 என்று எழுதி மனு போடாதீர்கள், அந்த ஒரு வரியே மனுவைப் பலவீனமாக்கும்.

இந்த மண்ணுக்கே உரிய ஒன்று ஃப்ளோரைடு. ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் வளர்ந்த தலைமுறை, பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி சுற்றுவட்டாரத்தில், போர் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தது. பல்லில் பழுப்புக் கறை என்பது பார்த்தவுடன் தெரியும். குனிய முடியாத முதுகு, திருப்ப முடியாத கழுத்து, மடக்க முடியாத முட்டி தெரியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஃப்ளோரோசிஸ் என்று தனியாக ஒன்று இல்லை. "எனக்கு ஃப்ளோரோசிஸ்" என்று மனுவில் எழுதினால் "பட்டியலில் இல்லை" என்று பதில் வரலாம். எழுத வேண்டியது: "எலும்பு ஃப்ளோரோசிஸ் காரணமாக முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால் மூட்டுகளின் அசைவு குறைந்து நடமாட்டக் குறைபாடு ஏற்பட்டுள்ளது." சான்றிதழ் நோயின் பெயருக்குக் கிடைப்பதில்லை, உடல் எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்பதற்குக் கிடைக்கிறது.

அதற்கு ஆதாரம்: எலும்பியல் மருத்துவர் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்குகிறது, நீள்கிறது என்று அளந்து எழுதிய சீட்டு, இடுப்பு, முதுகு எக்ஸ்-ரே, முன்கை எக்ஸ்-ரே, ஏனென்றால் அங்கே இரண்டு எலும்புக்கும் நடுவே சுண்ணாம்பு படிந்திருப்பது இந்த நோயின் தெளிவான அடையாளம். முதல் முறை பரிசோதனையில் முன்கை எக்ஸ்-ரே எடுக்கவில்லை என்றால் அதையே மேல்முறையீட்டுக் காரணமாக எழுதலாம்.

பொதுவாகவே "குறைவாகப் போட்டுவிட்டார்கள்" என்று எழுதுவதைவிட "இதை அளக்கவில்லை" என்று எழுதுவது பலிக்கும். காது கேளாமைக்குச் செவித்திறன் பரிசோதனை செய்யவில்லை, இடது கையின் பிடிமானத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடி போட்ட பின் உள்ள பார்வையை எழுதவில்லை என்பதுபோல. முதல் பரிசோதனையில் என்ன அளந்தார்கள் என்று தெரிய, உங்கள் மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் வைத்தியம் பார்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் அறிக்கையும் சாட்சியாகச் செல்லும். கன்னடத்தில் எழுதிய பக்கங்கள் இருந்தால் அந்த மருத்துவமனையிலேயே ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சதவீத மேல்முறையீட்டை "2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 59-ன் கீழ்" என்று தலைப்பிட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முத்திரையோடு கொடுத்து, நகலை மருத்துவமனை முதல்வருக்கு அனுப்புங்கள். அவர்கள் அதை மேலே அனுப்பும் கடிதத்தின் எண்ணும் தேதியும்தான் உங்கள் அடுத்த பிடி.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் தவறாக அளந்தார்கள் என்றால் மேல்முறையீடு. அன்று சரியாகவே அளந்தார்கள், அதற்குப் பிறகு உடம்பு மோசமாகிவிட்டது என்றால் மேல்முறையீடு அல்ல, மறுமதிப்பீட்டுக்குப் புது விண்ணப்பம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டும் முடங்கும்.

யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி தனி அடையாள அட்டைக்கான விண்ணப்பத்திலேயே சிக்கியிருப்பவர்களுக்கு: 2024 அக்டோபர் திருத்தத்துக்குப் பின் சான்றிதழ் தர மருத்துவமனைக்கு மூன்று மாத அவகாசம் உண்டு, முன்பு ஒரு மாதமாக இருந்தது. மூன்று மாதம் ஆகாமல் புகார் எழுதினால் எடுபடாது. அதே திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலிழந்துவிடும், திரும்ப விண்ணப்பிக்கவோ உயிர்ப்பிக்கக் கேட்கவோ வேண்டும். பதிவு எண்ணை இ-சேவையில் கொடுத்து மாதம் ஒரு முறை நிலையைப் பாருங்கள்.

நின்றுபோன ஓய்வூதியம்

வந்துகொண்டிருந்த பணம் நின்றால் எல்லோரும் உடனே மேல்முறையீடு என்று கிளம்புகிறார்கள். முதலில் பேங்குக்குப் போங்கள். வேறு ஏதோ திட்டத்துக்காகப் புதுக் கணக்குத் தொடங்கியிருந்தால், ஆதார் வழியாகப் போடும் பணம் கடைசியாக ஆதாரோடு இணைந்த கணக்குக்குப் போய்ச் சேரும். பழைய பாஸ்புக்கைப் பார்த்துப் பணம் நின்றது என்று நினைத்திருப்பார்கள். அது புதுக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும். அடுத்து, தற்காலிகச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போக வேண்டும், ஏனென்றால் மருத்துவமனைக்கே மூன்று மாதம் தேவைப்படலாம். இவை இரண்டும் இல்லையென்றால்தான் நிறுத்திய ஆணையைக் கேட்டு மேல்முறையீடு. அதில் "நிறுத்தப்பட்ட மாதத்திலிருந்து நிலுவையுடன்" என்று தெளிவாக எழுதுங்கள். கேட்காத நிலுவை தானாக வராது.

நினைவூட்டலும் அடுத்த படிகளும்

மனு கொடுத்து 30 நாள் முடிந்ததும் முதலாவது நினைவூட்டல். 2015 செப்டம்பர் 21 தேதியிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 99-ன்படி மனுவுக்கு மூன்று நாளுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்த எண்ணை நினைவூட்டலில் எழுதினால் கடிதத்துக்குத் தனி கனம் வந்துவிடும். நினைவூட்டலில் பழைய கதையைத் திரும்ப எழுத வேண்டாம். இவ்வளவு போதும்:

"பொருள்: மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், மறுப்பு ஆணை மீதான மேல்முறையீடு, நினைவூட்டல். பார்வை: 1) தனி வட்டாட்சியர் ஆணை எண், நாள். 2) என் மேல்முறையீட்டு மனு நாள், தங்கள் அலுவலக முத்திரை நாள். பார்வை 2-ல் கண்ட மனு மீது 31 நாளாகியும் ஆணை கிடைக்கப்பெறவில்லை. கோப்பின் இன்றைய நிலையையும், கீழ் அலுவலகத்திலிருந்து அறிக்கை கோரப்பட்டிருப்பின் அதன் எண், நாளையும் தெரிவித்து, அரசாணை எண் 99-ன்படி விரைந்து ஆணை பிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

45-ஆம் நாள் வாக்கில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். இங்கே புது மனு எழுதாதீர்கள்; பழைய ந.க. எண்ணை மேலே பெரிதாக எழுதி நினைவூட்டலின் நகலையே இணையுங்கள். இல்லாவிட்டால் புதுக் கோரிக்கையாகப் பதிந்து தாலுகாவுக்கே அனுப்பிவிடுவார்கள், அங்கிருந்து "ஏற்கனவே மேல்முறையீடு நிலுவையில் உள்ளது" என்று பதில் வந்து, தீர்வு கண்டதாகவும் முடிந்துவிடும். 1100 எண்ணில் முதல்வரின் முகவரிக்குப் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் திங்கள் கூட்டம் நடக்காது, வாசலில் பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டியில் போட்டதற்கு ரசீது இல்லை, அதனால் அந்தக் காலத்தில் ஸ்பீட் போஸ்ட்தான். மே, ஜூன் மாதத்தில் தாலுகாவில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஆண்டு முகாம், நடக்கும்போது நம் வருவாய் கிராமத்துக்குரிய நாளில் போனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், கணக்கு எல்லாமே ஒரே பந்தலில் இருக்கும். அறிக்கை நிலுவையில் நிற்கும் கோப்புக்கு அதைவிட நல்ல நாள் ஆண்டில் வேறில்லை.

60 நாள் தாண்டினால் தகவல் உரிமை மனு. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு ஆவணம் கிடையாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: மனு பெறப்பட்ட நாள், அன்றிலிருந்து இன்று வரை கோப்பு எந்தெந்தப் பதவியில் உள்ளவரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், அனுப்பிய, வந்த கடிதங்களின் நகல். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பல நேரம் பதில் வருவதற்கு முன்னால் ஆணையே வந்துவிடும். குறிப்புப் பக்கத்தை வெளியே கொடுக்க யாருக்கும் பிடிக்காது.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, தொலைபேசி 15100. சென்னை காமராஜர் சாலையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் தபாலில் புகார் அனுப்பலாம், நேரில் போகத் தேவையில்லை. விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் அந்த அலுவலகம் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசியாக சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட்: பணம் கொடு என்றல்ல, "என் மேல்முறையீட்டின் மீது இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடுங்கள்" என்று. அங்கே கேட்கப்படுவது முத்திரை வாங்கிய நகலும் நினைவூட்டல்களும்தான்.

காத்திருக்கும் நாட்களில்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நடக்க முடியாதவருக்கு வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வலி குறையும் என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு முறையும் அவர் எழுதும் குறிப்பு, குறைபாடு தொடர்கிறது என்பதற்கு மாதாமாதம் சேரும் அரசு ஆவணம் என்பது இன்னொரு பக்கம். ஆணை வரும் வரை மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். ஓராண்டு இடைவெளி விழுந்தால் "சிகிச்சை தேவைப்படவில்லை" என்று படிக்கப்படும்.

"சதவீதத்தை ஏத்தித் தர்றேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில், ஜெராக்ஸ் கடையில் வருகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். பொய்யான முறையில் சலுகை பெற்றால் உரிமைச் சட்டம் பிரிவு 91-ன்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது தரகர் அல்ல, சான்றிதழில் பெயர் உள்ளவர்.

18 வயது தாண்டிய அறிவுசார் குறைபாடு உள்ளவருக்காகத் தாய் கையெழுத்துப் போட்ட மனு, "மனுதாரர் கையெழுத்து இல்லை" என்று நிற்பதுண்டு. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையில் உள்ள குழுவில் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே இது. மேல்முறையீட்டோடு சேர்த்தே இதற்கும் விண்ணப்பியுங்கள், பிறகு பேங்கிலும் இதையே கேட்பார்கள்.

மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்தால் தேதியைத் தவறவிடாதீர்கள். தவறினால் அடுத்த வரிசை எப்போது என்று சொல்ல முடியாது. சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டிக்கு அப்பாலிருந்தோ வருகிறவர்கள் முந்தின நாளே அடிவாரத்து உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுவது நல்லது. போக முடியாத நிலை என்றால் அன்றைக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். ஊன்றுகோல், காதுக் கருவி, கண்ணாடி, பழைய எக்ஸ்-ரே, அசல் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், சாப்பிட வேண்டிய மாத்திரை, மதியத்துக்குக் கட்டுச்சோறு. டாக்டர் முன்னால் வீறாப்புக்காக வலியை அடக்கிக்கொண்டு நடந்து காட்ட வேண்டாம், நடிக்கவும் வேண்டாம். "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று கேட்டால் "கஷ்டம்தான் சார்" என்று சொல்லாமல், "ரேஷன் கடை வரைக்கும் போவேன், நடுவுல ரெண்டு தடவை உட்காரணும், கக்கூஸுக்கு மகன் பிடிச்சுக்கணும்" என்று சொல்லுங்கள்.

ஆணை கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பேங்க் கணக்கு எண், எந்த மாதத்திலிருந்து என்ற வரி, ஐந்தையும் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்விட்டால் அது இன்னொரு மனு, இன்னொரு ந.க. எண்.